மலிவுக் காப்புறுதியில் ஓடும் வேக மோட்டார்கள்: மீதிக் கணக்கு குடும்பத்தின் தலையில்

பூச்சோங்: மாலை ஆறரை மணிக்கு எல்டிபி நெடுஞ்சாலையில் கார்கள் நகராமல் நிற்கும்போது, அவற்றின் இடுக்கில் புகுந்து வீடு போய்ச் சேருபவை மோட்டார் சைக்கிள்கள்தாம். 2016 ஜூனில் இலகு ரயில் பாதை பூச்சோங் வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் தொழிற்சாலை ஷிப்ட்டுக்கும் கல்லூரிக்கும் உணவு விநியோக வேலைக்கும் மோட்டாரையே நம்பியிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

கின்ராரா, காசல்ஃபீல்ட் என்பவை ஒரு காலத்தில் தோட்டங்களின் பெயர்கள். இன்று அவை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் வழிகாட்டும் பெயர்கள். தோட்டத்தில் அப்பா ஓட்டியது ஒரு பழைய கப்சாய். தாமானில் மகன் ஓட்டுவது 150 சிசி வேக மோட்டார். சில வீடுகளின் முன்னால் 250 சிசியும் அதற்கு மேற்பட்ட சூப்பர் பைக்குகளும் நிற்கின்றன.

150 சிசி வரையிலான மோட்டாருக்குச் சாலை வரி வெறும் 2 வெள்ளி. அதனால் ஆண்டு தோறும் புதுப்பிக்கப் போகும்போது கையைக் கடிப்பது காப்புறுதி மட்டுமே. “ஃபர்ஸ்ட் பார்ட்டியா, தேர்ட் பார்ட்டியா?” என்று ஏஜென்ட் கேட்கிறார். “எது குறைவோ அதைப் போடுங்க” என்பதே பெரும்பாலும் பதில். சாலை வரி எடுக்க ஒரு காப்புறுதி வேண்டும் என்பதற்காக எடுக்கப்படும் அந்தப் பத்திரத்தைப் பிறகு யாரும் படிப்பதில்லை.

பிரிமியம் குறைந்துவிட்டதால் ஆபத்து குறைந்துவிடுவதில்லை. காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொள்ளாத பங்கு வண்டி உரிமையாளரின் தலையில் தங்கிவிடுகிறது. இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் அந்த உரிமையாளர் மகனல்லர். கெரானில் பெயர் உள்ள அப்பாவோ அம்மாவோதான்.

விலை எங்கிருந்து வருகிறது?

மலேசியாவில் வாகனக் காப்புறுதிக் கட்டணம் நீண்ட காலம் ஒரே அட்டவணைப்படி இருந்தது. எஞ்சின் அளவும் வண்டியின் மதிப்பும் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுவிடலாம். பேங்க் நெகாரா இதைப் படிப்படியாகத் தளர்த்தியது. 2016 ஜூலை 1 முதல் நிறுவனங்கள் புதிய வகைப் பாதுகாப்புகளை விற்க அனுமதிக்கப்பட்டன. 2017 ஜூலை 1 முதல் முழுமைக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்புடன் தீ, திருட்டு சேர்ந்த காப்புறுதிக்கும் நிறுவனங்களே விலை வைக்கத் தொடங்கின. வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் அட்டவணைக் கட்டணத்திலேயே விடப்பட்டது.

ஒரே மாதிரி வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு விலை வருவது இதனால்தான். ஓட்டுபவரின் வயது, அனுபவம், முந்தைய இழப்பீட்டுக் கோரிக்கைகள், வண்டி நிற்கும் வட்டாரம், அந்த மாடல் எவ்வளவு திருடு போகிறது, உதிரிப் பாகம் என்ன விலை என்று பலவற்றை நிறுவனம் பார்க்கிறது.

வேக மோட்டார் இந்தக் கேள்விகளில் பலவற்றில் தோற்றுவிடுகிறது. ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். விரும்பி வாங்கப்படும் மாடலையே திருடர்களும் விரும்புகிறார்கள். அதன் பாகங்களுக்குச் சந்தை உண்டு. விழுந்தால் கப்சாயைப் போல் ஒரு கைப்பிடியை மாற்றிவிட்டுப் போக முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டின் சாலை மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்திருப்பவர்களும்தான்.

கடலிலும் இதே கணக்கு

வேகத்தைக் காப்புறுதித் துறை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு வசதி படைத்தவர்களின் விளையாட்டான வேகப் படகு நல்ல உதாரணம். படகுக் காப்புறுதிக்காக லண்டன் சந்தை 1985இல் வகுத்த விதிகள் பல நாடுகளில் இன்னும் அடிப்படையாகப் பயன்படுகின்றன. அவற்றில் வேகப் படகுகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு உண்டு. படகின் உச்ச வேகம் 17 நாட்டைத் தாண்டினால் அந்தப் பிரிவு பொருந்தும். 17 நாட் என்பது மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர்தான். சாலையில் ஒரு கப்சாய்கூட அதைவிட வேகமாகப் போகும்.

அந்தப் பிரிவின்படி படகு பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ இருக்கும்போது நேரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை. ஓடும்போது உரிமையாளரோ தகுதியுள்ள வேறொருவரோ படகில் இருந்து அதைக் கட்டுப்படுத்த வேண்டும். காவல் இல்லாமல் திறந்த கடற்கரையோரம் நங்கூரமிட்டு விட்டுப் போன படகு மூழ்கினால் இழப்பீடு கிடைக்காது. உள் எஞ்சின் உள்ள படகில் உரிய தீயணைப்புச் சாதனம் இல்லையென்றால் தீ விபத்துக்கும் கிடைக்காது.

பல லட்சம் வெள்ளி கொடுத்துப் படகு வாங்குபவர் இந்த நிபந்தனைகளைத் தரகரிடம் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டுக்கொள்கிறார். கூடுதல் பாதுகாப்பு தேவையென்றால் கூடுதலாகக் கட்டுகிறார். மோட்டாரின் பத்திரத்திலும் இதே போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் மட்டும்தான் பூச்சோங் வீடுகளில் இல்லை.

என்.சி.டி: காருக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று

இழப்பீடு கோராமல் ஓட்டினால் கிடைக்கும் கழிவே என்.சி.டி. தனியார் காருக்கு அது முதலாண்டில் 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காட்டை எட்டும். மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25. அத்தோடு நின்றுவிடும்.

எடுத்துக்காட்டாக, காருக்கும் மோட்டாருக்கும் அடிப்படைப் பிரிமியம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உச்சக் கழிவு கிடைக்கிறது. கார் உரிமையாளருக்கு 450 வெள்ளி. 2024 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 8 விழுக்காடு சேவை வரி 36 வெள்ளி. முத்திரைக் கட்டணம் 10 வெள்ளி. மொத்தம் 496 வெள்ளி. மோட்டார் உரிமையாளருக்கு 750, வரி 60, முத்திரைக் கட்டணம் 10. மொத்தம் 820 வெள்ளி.

ஒரு முறை இழப்பீடு கோரினால் கழிவு சுழியத்துக்கு இறங்கும். அடுத்த ஆண்டு 1,090 வெள்ளி. அதற்கடுத்து 928, 874. நான்காம் ஆண்டில்தான் மீண்டும் 820. இந்த மூன்று ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியது 432 வெள்ளி. ஆகவே 300 வெள்ளி சேதத்துக்கு இழப்பீடு கேட்பது நட்டம். கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரிமியத்தைக் குறைக்க வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடுவதும் உண்டு. சந்தையில் 10,000 வெள்ளி பெறும் வண்டியை 8,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்தால், 2,000 வெள்ளி சேதத்துக்கு 1,600 வெள்ளிதான் கிடைக்கும். மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்புறுதி எடுத்தோமோ அத்தனை பங்குதான் இழப்பீடு.

தேர்ட் பார்ட்டி யாரைக் காக்கிறது?

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. அது இல்லாமல் ஓட்டினால் அபராதம், சிறை, லைசென்ஸ் பறிப்பு வரை போகலாம். அந்தச் சட்டம் காக்க நினைத்தது சாலையில் அடிபடும் மற்றவரை. ஓட்டியவரையோ அவருடைய வண்டியையோ அன்று.

இது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெறும் தேர்ட் பார்ட்டி வைத்திருக்கும் இளைஞர் வழுக்கி விழுந்து கால் முறிந்தால் அந்தக் காப்புறுதி அவருக்கு எதுவும் கொடுக்காது. மோட்டார் திருடு போனாலும் கிடையாது. வாங்கிய கடனுக்கு மாதத் தவணை மட்டும் தொடரும். பின்னால் அமர்ந்திருந்த தங்கைக்கோ நண்பருக்கோ அடிபட்டால், சொந்த வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்கும் பாதுகாப்புக்குள் அவர் இயல்பாக வருவதில்லை. அது தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒன்று.

பூச்சோங் வட்டாரம் இதை 2025 ஏப்ரல் 1ஆம் தேதி நேரில் கண்டது. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. அருகிலிருந்த வீடுகளும் வாசலில் நின்ற வாகனங்களும் எரிந்தன. முழுமைக் காப்புறுதியிலும், தீ, திருட்டு சேர்ந்த காப்புறுதியிலும் தீ அடங்கும். வெறும் தேர்ட் பார்ட்டியில் அடங்காது. அத்தகைய பத்திரம் வைத்திருப்பவர் இப்படியொரு நாளில் தன் சொந்தக் காப்புறுதியை விட்டு வேறு வழிகளைத் தேட வேண்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது வேறொரு பாடம். முழுமைக் காப்புறுதி வைத்திருந்தாலும், இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாக வாங்கியிருந்தால்தான் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு. “ஃபர்ஸ்ட் பார்ட்டி” என்ற பெயரை நம்பி எல்லாம் அடங்கியிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

பத்திரம் இருந்தும் பயன்படாத நான்கு நிலைகள்

முதலாவது, பந்தயம். மோட்டார் பத்திரங்களின் பயன்பாட்டு வரம்பில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் இரண்டு நண்பர்கள் “சும்மா பார்ப்போம்” என்று முறுக்கினாலும் அது பந்தயமாகவே கருதப்படலாம்.

இரண்டாவது, மாற்றியமைத்த வண்டி. எஞ்சின் பிளாக்கைப் பெரிதாக்குவது, எக்ஸாஸ்டை மாற்றுவது ஆகியவற்றால் வண்டி காப்புறுதி எடுத்தபோது சொன்ன வண்டியாக இல்லாமல் போகிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம், நிறுவனம் கேட்கும் கேள்விக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான கவனம் எடுப்பதை வாடிக்கையாளரின் கடமையாக வைத்திருக்கிறது. அறியாமல் செய்த தவறு, கவனக்குறைவு, வேண்டுமென்றே மறைத்தது என்று சட்டம் பிரித்துப் பார்க்கிறது. கடைசி வகையில் சேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

மூன்றாவது, லைசென்ஸ். பி2 லைசென்ஸ் 250 சிசி வரைதான் செல்லும். அதை வைத்துக்கொண்டு அண்ணனின் 600 சிசி பைக்கை எடுத்துச் செல்பவர், அந்த வண்டியைப் பொறுத்தவரை லைசென்ஸ் இல்லாதவரே.

நான்காவதுதான் இன்று அதிகமான குடும்பங்களைத் தொடுவது: உணவு, பொருள் விநியோகம். தனிப்பட்ட பயன்பாட்டுப் பத்திரம் வாடகைக்கோ கூலிக்கோ வண்டி ஓட்டுவதைப் பொதுவாக ஏற்பதில்லை. பகலில் தொழிற்சாலை, மாலையில் டெலிவரி என்று ஓடும் இளைஞர், டெலிவரி நேரத்துக்குத் தன் பத்திரம் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கேசோவில் பதிந்துகொள்வது அவருடைய உடலுக்கான பாதுகாப்பு, வண்டிக்கானது அன்று. 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் மசோதாவும் இவ்வகைத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பைப் பற்றியதே. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

இத்தகைய நிலைகளில் நிறுவனம் என்ன செய்யும்? அடிபட்ட மூன்றாம் நபரைச் சட்டம் எளிதில் கைவிடுவதில்லை. நிறுவனம் அவருக்கு இழப்பீடு கொடுக்க நேரலாம். ஆனால் நிபந்தனை மீறப்பட்டிருந்தால், கொடுத்த பணத்தைக் காப்புறுதிதாரரிடம் திரும்பக் கேட்கும் உரிமை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. காப்புறுதியே இல்லாத வண்டி மோதியவர்களுக்கு மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் உதவுகிறது. அங்கும் பணம் கடைசியில் வண்டிக்காரர் பக்கம்தான் திரும்பி வரும்.

அப்பா பெயரில் கெரான், 19 வயது மகன் கையில் மாற்றியமைத்த மோட்டார் என்று உள்ள வீட்டை எண்ணிப் பார்க்கலாம். கடும் விபத்து ஒன்று நடந்து, அடிபட்டவர் வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடக்க நேர்ந்தால் இழப்பீடு பல லட்சம் வெள்ளியாகலாம். வழக்கில் அப்பாவின் பெயரும் சேர்க்கப்படலாம். தோட்டத்தை விட்டு வந்து, இருபது முப்பது ஆண்டு தவணை கட்டி முடித்த வீடுதான் அந்தக் குடும்பத்தின் ஒரே சொத்து. பிரிமியத்தில் மிச்சம் பிடித்த சில நூறு வெள்ளி அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

நிறுவனங்கள் மீதும் கேள்வி உண்டு

குடும்பங்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. மோட்டார் சைக்கிளுக்கு முழுமைக் காப்புறுதி கேட்டால் எல்லா நிறுவனங்களும் ஆர்வம் காட்டுவதில்லை. பழைய வண்டி, அதிகம் திருடு போகும் மாடல் என்றால் தயக்கம் இன்னும் கூடும். எங்கும் கிடைக்காதவர்களுக்காக 1992 முதல் மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டு நிதியம் இயங்குகிறது. ஆனால் இப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

காருக்கு 55 விழுக்காடு வரை கழிவு, மோட்டாருக்கு 25 மட்டும் என்ற ஏற்பாடும் மறுபரிசீலனைக்குரியது. பத்து ஆண்டு ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டிய தொழிலாளிக்கும் மூன்று ஆண்டு ஓட்டியவருக்கும் ஒரே கழிவு என்றால், கவனமாக ஓட்டுவதற்கு என்ன ஊக்கம் மிஞ்சும்? விலையை ஆபத்துக்கு ஏற்ப வைக்கலாம் என்று நிறுவனங்களுக்கு 2017இல் சுதந்திரம் கிடைத்தது. அந்தச் சுதந்திரத்தின் பலன் பாதுகாப்பாக ஓட்டும் ஏழை ஓட்டுநருக்கும் போய்ச் சேர வேண்டும்.

மொழியும் ஒரு தடை. தமிழ்ப்பள்ளியில் படித்து, தோட்டத்திலேயே வேலைக்குப் போன பெற்றோருக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள சட்ட வாசகம் எளிதில் விளங்காது. ஏஜென்ட் சொல்வதுதான் அவர்களுக்குப் பத்திரம். தமிழ் பேசும் ஏஜென்ட்டுகள் பூச்சோங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். புதுப்பிக்க வருபவருக்கு எது அடங்கும், எது அடங்காது என்று ஐந்து நிமிடம் விளக்குவது அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

புதுப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

அடுத்த முறை புதுப்பிக்கப் போகும்போது சில கேள்விகளைக் கேட்டால் போதும். இந்தப் பத்திரம் எந்த வகை: தேர்ட் பார்ட்டியா, தீ, திருட்டு சேர்ந்ததா, முழுமையானதா? வண்டியின் மதிப்பு சந்தை விலைக்கு ஒத்திருக்கிறதா? வண்டியை உண்மையில் ஓட்டுபவர் யார் என்று சொல்லியாகிவிட்டதா? 21 வயதுக்கு உட்பட்டவரும் ‘பி’ லைசென்ஸ்காரரும் காரை ஓட்டி விபத்து நேர்ந்தால் சேதத்தில் முதல் 400 வெள்ளியைச் சொந்தமாகக் கட்ட வேண்டிய எக்ஸஸ் விதி உண்டு. மோட்டாருக்கு எக்ஸஸ் எவ்வளவு என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் அமர்பவர் அடங்குவாரா, வெள்ளம் அடங்குமா, டெலிவரி வேலை அடங்குமா என்பவை அடுத்த கேள்விகள். வண்டியில் செய்த மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து, கிடைத்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு தகராறு நேரத்தில் உதவாது. முழுமைக் காப்புறுதிக்கு வசதி இல்லையென்றால், தீ, திருட்டு சேர்ந்த வகையின் விலையையாவது கேட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவருக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதியையும் சேர்த்து எடுக்கலாம்.

இழப்பீடு மறுக்கப்பட்டு, அந்த முடிவு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால், 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மேன் சேவையை நாடலாம். பயனீட்டாளருக்கு அது இலவசம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மகனுக்கு மோட்டார் வாங்கிக் கொடுக்கும் நாளில் பெற்றோர் முன்பணத்தையும் மாதத் தவணையையும்தான் கணக்கிடுகிறார்கள். காப்புறுதியின் முழுச் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்த பிறகு 150 சிசி கட்டுப்படியாகவில்லை என்றால், அந்த ஆண்டு கப்சாயோடு நிறுத்திக்கொள்வதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.